வாளிக் கணக்கு

தண்டையார்ப்பேட்டை, துறைமுகக் குடியிருப்புக்குப் பின்னால்
முப்பத்தெட்டு வருசக் குளம்.
இறைத்து முடித்ததும் பார்த்தால்
ஒரு பக்கம் சரிந்த அறை,
கூரையை யாரோ கழற்றிக்கொண்டு போனது போல.
தரையில் நிலக்கரித் தூசு மாவாகப் படிந்திருக்கிறது.
ஒரு மூக்குத்தித் திருகு. அறுந்த நீச்சல் கண்ணாடி.
யாருடைய பல்லோ.

தேசிங்கு ஐந்து ரூபாய் நாணயத்தால்
ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டு போகிறான்.
ஒட்டியிருப்பது டிக் என்கிறது.
விட்டுப்போனது டொக்.
டொக்குக்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி.
சோற்று நேரத்துக்குள்
ஆழப் பக்கம் முழுக்கப் பெருக்கல்.

ஓரம்தான் படுமோசம்.
உப்புக்காற்று உள்ளே போய்
கம்பி துருவேறிப் பருத்து
காங்கிரீட்டை உள்ளிருந்தே உதைத்திருக்கிறது.
எல்லாக் கையும் வந்து பிடிக்கிற இடம் அது.
எத்தனை சுற்று போனவனும்
கடைசியில் ஓரத்தைத்தானே பிடிக்கிறான்.
பதினோரு குளம் செய்துவிட்டேன்,
எனக்கு நீந்தத் தெரியாது.

பழைய ஓரத்தை உடைத்து, துருவைச் சுரண்டி,
புதுக்கல் பதித்து, முனையை உருட்டினோம்.
ரெபேக்காள் புறங்கையை அதன்மேல் ஓட்டிப் பார்க்கிறாள்,
மெதுவாக, நாற்பது மீட்டரும்.
ஏன் புறங்கை என்றேன்.
உள்ளங்கை காய்ச்சுப் போச்சு மேஸ்திரி,
அதுக்கு ஒண்ணும் தெரியாது.
மூன்று இடத்தில் நிறுத்தினாள்.
மூன்று இடத்திலும் பிசிறு இருந்தது.

ஆழம் குறிக்கும் ஓடுகளில்
'4 அடி' மட்டும் கடையில் கிடைக்கவில்லை.
தேசிங்கு கையால் எழுதினான்.
கொஞ்சம் 9 போல இருக்கிறது. விட்டுவிட்டோம்,
பிறகு பயந்துபோய் அழித்து எழுதினோம்.

தண்ணீர் விட்டோம்.
மறுநாள் நாலு விரல் இறங்கியிருந்தது.
வெயில் குடிச்சிருக்கும் என்றார் இன்ஜினியர் மேடம்.
வாளி நிறையத் தண்ணீர் மொண்டு படியில் வைத்தேன்.
வாளிக்கும் குளத்துக்கும் ஒரே வெயில்.
மறுநாள் வாளியில் ஒரு விரல்,
குளத்தில் நாலு.
மூன்று விரலை வெயில் குடிக்கவில்லை.

சிரிஞ்சியில் சிவப்பு மை எடுத்து
சுவரோரமாகச் சொட்டிக்கொண்டே போனான் தேசிங்கு.
கிழக்குச் சுவர், வழிகாலுக்குக் கீழே
மை கலையாமல்
நூலாகி
உள்ளே போயிற்று.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு சந்து, பதினாறு வீடு, ஒரு அடிபம்பு.
குளத்தை இறைத்த வாரமே அங்கிருந்து
பச்சையம்மா வந்து கேட்டைத் தட்டியது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.
இன்னா பண்றீங்க இந்தாண்ட?
பம்புல ஒரே உப்பு. பருப்பு வேவமாட்டேங்குது.
நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைம்மா என்று சொன்னேன்.
மறுபடி தண்ணீர் விட்ட நாலாம் நாள்
அதே பச்சையம்மா, அதே கேட்.
நல்லாயிடுச்சி. கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசனை,
அது எப்பவும் உள்ளதுதான்.

எஸ்டிமேட்டில் பதினேழாவது வரி:
கசிவு அடைத்தல், மீட்டருக்கு இவ்வளவு.
ஊசி போட்டு, பசை ஏற்றி, இறுகும்வரை
சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.
கை வைக்கத் தேவையில்லை. அது தானாக இறுகும்.

வாளியில் ஒரு விரல். குளத்தில் ஒரு விரல்.
மேடம் கையெழுத்துப் போட்டார்.

சாமான் ஏற்றும் நேரத்தில் பச்சையம்மா வந்தாள்.
வாட்ச்மேன் மஸ்தான் என்னைப் பார்த்தார்,
நான் வேறெங்கோ பார்த்தேன், அவள் உள்ளே வந்தாள்.
புது ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து
மறு கையால் அள்ளி நாக்கில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

இதான், என்றாள்.

எழும்போது ஊன்றிய கை
கல்லை ஒருமுறை தடவியது.
நல்லா வழவழன்னு கீதுபா, என்றாள்.
நீதான் போட்டியா?